மாடியில் வீடு, கீழே தையல் கடை: யாரைக் கேட்பது?

வாசகர் கடிதம்:

"சார், எங்கள் வீடு சென்னை மடிப்பாக்கத்தில் இருக்கிறது. சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அப்ரூவல் உள்ள மனைப்பிரிவு. அப்பா 1998-இல் பிளான் அனுமதி வாங்கித் தரைத்தளம் கட்டினார். 2014-இல் மாடி எடுத்தோம். அதற்கு அனுமதி வாங்கவில்லை. மனைவி முன் ஹாலில் தையல் கடை வைத்திருக்கிறார், நான்கு மெஷின். நல்ல ஓட்டம். இனி நாங்கள் மாடிக்குப் போய்விட்டு, தரைத்தளம் முழுவதையும் (சுமார் 900 சதுர அடி) தையல் யூனிட்டாக மாற்றலாம், கார் நிறுத்தும் இடத்தை டிபன் கடைக்கு வாடகைக்கு விடலாம் என்று நினைக்கிறோம். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் மாநகராட்சியில் புகார் கொடுத்துவிட்டார். வாசலில் டூவீலர் நிற்கிறதாம், ராத்திரி பத்து மணிக்கும் மெஷின் சத்தம் கேட்கிறதாம். வந்து பார்த்தவர், 'இது ரெசிடென்ஷியல் ஏரியா, நோட்டீஸ் வரும்' என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் நாங்கள் கரண்ட் பில்லும் சொத்து வரியும் கமர்ஷியல் ரேட்டில்தான் கட்டுகிறோம். ஒரு ஏஜென்ட் ஒரு லட்சம் கொடுத்தால் இடத்தையே கமர்ஷியலாக மாற்றித் தருகிறேன் என்கிறார். எதிர்த் தெருவில் ஜிம் இருக்கிறது, கிளினிக் இருக்கிறது. எங்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சட்டம்? பின்குறிப்பு: கோவையில் இருக்கும் என் மைத்துனரும் வீட்டோடு ஒரு கடை போட நினைக்கிறார். அவருக்கும் இதே விதிகள்தானா?"

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் ஒரே கேள்வி கேட்பதாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். உள்ளே நான்கு கேள்விகள் இருக்கின்றன. இந்த இடத்தில் என்ன தொழில் செய்யலாம் என்பது ஒன்று. இந்தக் கட்டடம் அனுமதித்த வரைபடப்படி இருக்கிறதா என்பது இன்னொன்று. அந்தத் தொழிலை நடத்த உரிமம் இருக்கிறதா, அதற்குச் சரியான கட்டணமும் வரியும் போகிறதா என்பவை மற்ற இரண்டு. நம் ஊரில் இந்த நான்குக்கும் நான்கு மேசைகள். ஒரு மேசையில் வாங்கிய காகிதத்தை அடுத்த மேசையில் நீட்டினால் செல்லாது. உங்கள் குழப்பம் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் கரண்ட் பில், சொத்து வரி விஷயத்தை முடித்துவிடுகிறேன். கமர்ஷியல் ரேட்டில் கட்டுகிறோமே, அப்படியென்றால் அரசாங்கமே ஒத்துக்கொண்ட மாதிரிதானே என்று பலரும் கேட்கிறார்கள். இல்லை. மின்வாரியம் பார்ப்பது உங்கள் மின்சாரம் எதற்குப் போகிறது என்பதை மட்டும்தான். அவர்களுக்கு என்று தனி அளவுகோல் உண்டு. உதாரணமாக, டாக்டரோ வக்கீலோ தன் வீட்டோடு சேர்த்து வைத்திருக்கும் ஆலோசனை அறை 200 சதுர அடிக்குள் இருந்தால் அதை வீட்டுக் கட்டணத்திலேயே சேர்ப்பார்கள். அதே அறைக்குச் சி.எம்.டி.ஏ. வைத்திருக்கும் அளவு 40 சதுர மீட்டர், அதாவது சுமார் 430 சதுர அடி. ஒரே அறையை இரண்டு அலுவலகம் இரண்டு டேப்பில் அளக்கிறது. இரண்டுமே அவரவர் வேலைக்குச் சரியான டேப்தான். சொத்து வரியும் அப்படியே. கட்டடம் விதிப்படி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது எப்படிப் பயன்படுகிறதோ அதற்கேற்ப மாநகராட்சி வரி போடும். வரி ரசீது வரி கட்டியதற்குச் சாட்சி, அவ்வளவுதான். அனுமதி இல்லாத கட்டடத்துக்கு அது அனுமதி ஆகாது.

சரி, முதல் மேசைக்கு வருவோம். இந்த இடத்தில் என்ன செய்யலாம்?

சென்னைப் பெருநகரப் பகுதியில் இதற்குப் பதில் சொல்வது சி.எம்.டி.ஏ. தயாரித்த முழுமைத் திட்டம், நாம் மாஸ்டர் பிளான் என்று சொல்வது. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம்தான் இதற்கு வேர். முதல் மாஸ்டர் பிளான் 1975-இல் வந்தது. இப்போது நாம் கையில் வைத்துப் பார்ப்பது 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இரண்டாவது. மடிப்பாக்கம் அப்போது சென்னை மாநகராட்சியில் இல்லை, ஊராட்சியாக இருந்தது. 2011-இல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆனாலும் சி.எம்.டி.ஏ.யின் எல்லை மாநகராட்சி எல்லையைவிட எப்போதுமே பெரியது என்பதால், உங்கள் தெரு ஊராட்சியில் இருந்தபோதே அந்த வரைபடத்தில் நில உபயோகத்தைக் காட்டும் நிறம் பூசியாகிவிட்டது.

அந்த நிறம் என்ன என்பதை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. வந்தவர் 'ரெசிடென்ஷியல் ஏரியா' என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது போதாது. ரெசிடென்ஷியலிலேயே இரண்டு வகை உண்டு: முதன்மைக் குடியிருப்பு ஒன்று, கலப்புக் குடியிருப்பு இன்னொன்று. பெயரில் சின்ன வித்தியாசம்தான், ஆனால் உங்கள் மனைவியின் தொழிலுக்கு இதுதான் தலைவிதி. கலப்புக் குடியிருப்பில் கடை, அலுவலகம், உணவகம் எல்லாவற்றுக்கும் தாராளமான இடம் உண்டு. முதன்மைக் குடியிருப்பில் பட்டியல் சின்னது, அளவும் சின்னது.

வகையை எப்படித் தெரிந்துகொள்வது? சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் கொடுத்து நில உபயோகத்தைப் பார்க்கலாம். இங்கே ஒரு முள் இருக்கிறது. மாஸ்டர் பிளான் வரைபடம் வருவாய் கிராமத்தின் பழைய சர்வே எண்ணைப் பின்பற்றுகிறது. பட்டாவில் இருப்பது சில இடங்களில் நகர அளவை எண்ணாக இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. பட்டா எண்ணை அப்படியே போட்டுத் தேடினால் யாரோ ஒருவருடைய நிலத்தின் நிறத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவீர்கள், அல்லது பயந்துபோவீர்கள். இரண்டு எண்களுக்கும் பொருத்தம் காட்டும் விவரம் தாலுகா அலுவலகத்தில் கிடைக்கும். பழைய கிரயப் பத்திரத்தின் சொத்து விவரப் பக்கத்திலும் பெரும்பாலும் பழைய எண் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு தேடுங்கள். திரையில் பார்த்ததோடு நிற்காமல், உங்கள் சர்வே எண்ணுக்கான நில உபயோக விவரத்தைச் சி.எம்.டி.ஏ.விடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் அதன் தலைமை அலுவலகம். வாய்ச்சொல்லில் ஒருவர் ரெசிடென்ஷியல் என்பார், இன்னொருவர் பார்த்துக்கலாம் என்பார். காகிதம் ஒன்றைத்தான் சொல்லும்.

அந்தக் காகிதம் வரும்வரை, உங்கள் மனை முதன்மைக் குடியிருப்பில் இருக்கிறது என்றே வைத்துப் பேசுகிறேன். அனுமதி பெற்ற மனைப்பிரிவின் உள்தெரு என்றால் அதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

இப்போது நல்ல செய்தி. முதன்மைக் குடியிருப்பு என்றால் வீட்டைத் தவிர எதுவுமே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டாம் மாஸ்டர் பிளானின் வளர்ச்சி விதிகளிலேயே, தெருவுக்குத் தேவையான சின்னக் கடைகளுக்கு இடம் விட்டிருக்கிறார்கள்: மளிகை, டீக்கடை, பால் பூத், சைக்கிள் ரிப்பேர், இவற்றோடு பெயர் சொல்லியே தையல் கடை. நிபந்தனை, தளப்பரப்பு 40 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது. அந்த விதியை எழுதியவர்களுக்குத் தெரு என்றால் என்ன என்று தெரிந்திருக்கிறது. பிளவுஸ் தைக்க யாரும் பஸ் பிடித்துப் போகக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள். 2019-இல் மாநிலம் முழுவதுக்கும் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. அதற்குப் பிறகும் பல திருத்தங்கள் வந்திருக்கின்றன. அதனால் எழுத்தில் கேட்கும்போது 'என் சர்வே எண் எந்த உபயோகத்தில் இருக்கிறது, அதில் தையல் கடைக்கு இன்றைய விதிப்படி எத்தனை சதுர மீட்டர்' என்று சேர்த்தே கேளுங்கள்.

இந்தக் கணக்குப்படி உங்கள் மனைவி இதுவரை முன் ஹாலில் நடத்திவந்த கடை, ஹால் 430 சதுர அடிக்குள் இருந்தால், நில உபயோக விதியை மீறவில்லை. புகார் வந்துவிட்டதே என்று அவர் குற்றவாளி மாதிரி உணர வேண்டியதில்லை. தரைத்தளம் முழுவதையும் எடுத்தால் 900 சதுர அடி, சுமார் 84 சதுர மீட்டர். அளவு இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. அதோடு அதன் குணமே மாறிவிடுகிறது. நான்கு மெஷினோடு வீட்டுக்காரர் நடத்துவது தையல் கடை. ஆட்களை வைத்து, கட்டிங் டேபிள் போட்டு, எம்பிராய்டரி மெஷினும் இறக்கினால் அதைத் தொழிற்கூடம் என்று எழுதிக்கொண்டு போவார்கள். தொழிற்கூடம் என்று வந்துவிட்டால் மோட்டார் குதிரைத்திறன் கணக்கு உள்ளே நுழையும். இதில் முன்னேறுவதற்கு முன் நின்று யோசியுங்கள்.

டிபன் கடை விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம், விட்டுவிடுங்கள். அது முதல் மேசைக்கே போகாமல் இரண்டாவது மேசையிலேயே விழுந்துவிடும். அனுமதி பெற்ற வரைபடத்தில் கார் நிறுத்தம் என்று காட்டிய இடத்தைக் கடையாக மாற்றுவது வரைபட மீறல். சென்னையில் ஆய்வுக்கு வருபவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான், ஏனென்றால் மிகச் சுலபமாகக் கண்ணில் படும் மீறல் இது. ஷட்டர் போட்டிருந்தால் கேட்டுக்கு வெளியே நின்றே எழுதிக்கொள்வார்கள். அதற்கு மேல், காரும் டூவீலரும் தெருவுக்கு வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரரின் புகாரே வண்டியைப் பற்றியதுதான். அவருடைய புகாருக்கு நீங்களே சாட்சி தயார் செய்து கொடுத்த மாதிரி ஆகும். டிபன் கடைக்காரர் தனியாக உணவுப் பாதுகாப்புப் பதிவும் எடுக்க வேண்டும், கழிவுநீர் எங்கே போகிறது என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். ஏதாவது நோட்டீஸ் வந்தால் அது வாடகைக்கு இருப்பவர் பெயரில் மட்டும் வராது, கட்டட உரிமையாளரான உங்கள் பெயருக்கும் வரும்.

மாடி விஷயம்தான் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது. நீங்கள் அதைப் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டுத் தையல் கடைக்குப் போய்விட்டீர்கள். பக்கத்து வீட்டுக்காரரின் புகாரை விசாரிக்க வருபவர் முதலில் கேட்பது அனுமதி வரைபடத்தை. அதில் தரைத்தளம் மட்டும் இருக்கும். தையல் கடைக்காக வந்தவர் மாடியைக் குறித்துக்கொண்டு போவார். சின்னச் சண்டை பெரிய வழக்காவது பெரும்பாலும் இப்படித்தான்.

அனுமதியில்லாக் கட்டடங்களை வரைமுறைப்படுத்தும் திட்டம் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். சட்டத்தின் 113-சி பிரிவைத்தான் சொல்கிறார்கள். அது 2007 ஜூலை 1 அல்லது அதற்கு முன்பு கட்டிய கட்டடங்களுக்கு. உங்கள் மாடி 2014. பழைய தேதியில் கட்டியதாகக் காட்டலாம் என்று ஏஜென்ட் சொன்னால் அந்த நிமிடமே வாசலைக் காட்டுங்கள். சாட்டிலைட் படம் வருடவாரியாக யார் வேண்டுமானாலும் பார்க்கக் கிடைக்கும் காலம் இது. இன்னொரு பேச்சும் வரும்: 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டம். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரையும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு உடனடி அனுமதி கொடுக்கும் நல்ல திட்டம். ஆனால் அது இனிமேல் கட்டப்போகிறவர்களுக்கு, ஏற்கெனவே கட்டி முடித்துப் பத்து வருடமாகக் குடியிருப்பவர்களுக்கு அல்ல.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. மாடி இன்றைய விதிகளுக்கு உட்பட்டு நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். பக்க இடைவெளி எவ்வளவு, மொத்தத் தளப்பரப்பு மனைப் பரப்புக்கு எத்தனை மடங்கு, தெரு அகலம் என்ன, வண்டி நிறுத்தம் இருக்கிறதா. இதற்கு ஒரு பதிவு பெற்ற பொறியாளரைக் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி அளந்து வரையச் சொல்லுங்கள். 2019 விதிகள் பழையவற்றைவிடத் தளப்பரப்பு விஷயத்தில் தாராளம். சாதாரணக் கட்டடங்களுக்கு மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். ஒரு தரைத்தளம், ஒரு மாடி உள்ள வீட்டுக்கு அந்த இடத்தில் சிக்கல் வராது. சிக்கல் வந்தால் அது பக்க இடைவெளியில்தான் வரும். மாடிப்படியையோ பாத்ரூமையோ பக்கத்துச் சுவரோடு ஒட்டி எடுத்திருப்பார்கள், அதுதான் வழக்கம். விதிக்குள் நின்றால் இருக்கும் கட்டடத்துக்கே திட்ட அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். சிறிய குடியிருப்புக் கட்டடங்களுக்கான அதிகாரத்தைச் சி.எம்.டி.ஏ. மாநகராட்சிக்குப் பகிர்ந்து கொடுத்திருப்பதால் உங்கள் மண்டல அலுவலகமே இதைப் பார்க்கும். கட்டணம் புதிதாகக் கட்டுபவரைவிடக் கூடுதலாக ஆகும். அந்தச் செலவை ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வைத்திருக்கும் ஒரு லட்சத்திலிருந்து எடுங்கள்.

நோட்டீஸ் முந்திக்கொண்டு வந்துவிட்டால் பயந்து ஒளிய வேண்டாம். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவில் நோட்டீஸ் வந்தால், அந்தக் கட்டடத்தையோ அந்த உபயோகத்தையோ அப்படியே தொடர அனுமதி கேட்டு விண்ணப்பிக்க அந்தப் பிரிவிலேயே வழி வைத்திருக்கிறார்கள். கொடுத்த கெடுவுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அதுதான் முக்கியம். கெடு தாண்டினால் பூட்டி சீல் வைக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. 2011 அக்டோபர் கடைசியில் தி. நகரில் பெரிய பெரிய கடைகளுக்கே சீல் விழுந்ததைப் பார்த்திருப்பீர்கள். சீலுக்கு எதிராக அரசின் வீட்டுவசதித் துறையிடம் 80-ஏ பிரிவில் முறையிடலாம். ஆனால் அதுவரை போகிற விஷயம் அல்ல உங்களுடையது.

இனி ஏஜென்ட். "கமர்ஷியலாக மாற்றித் தருகிறேன்" என்று அவர் சொல்வதில் பொய் இல்லை, எதை மாற்றுவார் என்பதைத்தான் சொல்லவில்லை. மின் இணைப்பையும் வரி வகையையும் மாற்றித் தருவார். அந்த ரசீதுகளைக் காட்டி வேலை முடிந்தது என்பார். உங்களிடம் அவை ஏற்கெனவே இருக்கின்றன! ஆகவே ஒரு லட்சத்துக்கு அவர் தரக்கூடியது ஒன்றுமில்லை.

நிலத்தின் உபயோகத்தையே மாற்றுவது வேறு கதை. அதற்குச் சட்டத்தின் 32(4) பிரிவில் வழி உண்டு. சி.எம்.டி.ஏ.விடம் விண்ணப்பம், இடத்தில் ஆய்வு, தொழில்நுட்பக் குழுவின் பரிசீலனை, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துப் பொதுமக்களின் ஆட்சேபணை கேட்பது, பிறகு குழுமக் கூட்டத்தில் முடிவு, கடைசியில் அரசிதழ் அறிவிப்பு. இதில் எந்தப் படியையும் ஒருவர் பையில் போட்டுக் கொண்டுவந்து தர முடியாது. ஆட்சேபணை கேட்கும் கட்டத்தில் முதல் கடிதம் யாருடையதாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அவர் ஆட்சேபிக்காவிட்டாலும், வரிசையாக வீடுகள் இருக்கும் உள்தெருவில் நடுவில் ஒரே ஒரு மனையை மட்டும் வணிகமாக்குவதை எந்த நகரமைப்பாளரும் விரும்ப மாட்டார். இன்று தையல் கடை, நாளை நீங்கள் விற்றுவிட்டால் அதே மனையில் மதுக்கூடம் கேட்டு ஒருவர் வந்து நிற்பார். உபயோக மாற்றம் ஆளுக்குக் கிடைப்பதில்லை, நிலத்துக்குக் கிடைப்பது. அது கிடைத்தாலும் கட்டட அனுமதி தனியாக வாங்க வேண்டும். நியாயமாகச் சொன்னால் பெரிய சாலையை ஒட்டிய மனைக்காரர்களுக்கு இது பயன்படும் வழி. உங்களுக்கு அல்ல.

எதிர்த் தெரு ஜிம்முக்கும் கிளினிக்குக்கும் வருகிறேன். இதில் உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. முதலில் அவை மீறல்தானா என்று பாருங்கள். கிளினிக் அந்த வீட்டு டாக்டருடையது என்றால், 40 சதுர மீட்டருக்குள் அவர் ஆலோசனை அறை வைத்துக்கொள்ள விதியே இடம் தருகிறது. ஜிம் இருக்கும் சர்வே எண் கலப்புக் குடியிருப்பில் இருக்கலாம். மாஸ்டர் பிளான் நிறம் தெருவுக்குத் தெரு மாறும், சில இடங்களில் ஒரே தெருவின் இரண்டு பக்கமும் வேறு வேறாக இருக்கும். மனைப்பிரிவு வரைபடத்திலேயே கடைக்கென்று ஒதுக்கிய மனைகளும் உண்டு. இதெல்லாம் இல்லாமல் அப்பட்டமான மீறலாகவும் இருக்கலாம். அப்போதும் அது உங்களுக்கு உதவாது. அவனைப் பிடிக்கவில்லையே, என்னை மட்டும் ஏன் என்ற வாதத்தை நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பத் தள்ளியிருக்கின்றன. சட்டத்துக்கு உட்பட்டதில் சமத்துவம் கேட்கலாம், மீறலில் சமத்துவம் கேட்க முடியாது என்பது அவர்கள் நிலைப்பாடு.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நம் ஊரில் நில உபயோக விதி தானாக நடப்பதில்லை, புகாரால் நடக்கிறது. புகார் வராத தெருவில் என்ன வேண்டுமானாலும் இருக்கும். பக்கத்து வீட்டோடு சுமுகமாக இருப்பவர் மூன்று மாடி கட்டிக் கடை போடுவார். சண்டைக்காரர் பக்கத்தில் இருந்தால் இட்லிமாவு கிரைண்டருக்கும் ஆள் வரும். இது சரியான முறை என்று நான் சொல்லவில்லை. தி. நகரையே பாருங்கள். 1920-களில் ஏரியைத் தூர்த்து, பூங்காவும் மரமும் வைத்து, குடியிருப்புக்கென்று வகுத்த பேட்டை அது. வீடு ஒவ்வொன்றாகக் கடையானது. பிறகு திட்டம் வந்து நிறத்தை மாற்றிக்கொண்டது. திட்டம் தெருவை நடத்தியதா, தெரு திட்டத்தை இழுத்துக்கொண்டு போனதா என்று கேட்டால் எனக்கு இரண்டாவதுதான் உண்மை என்று படுகிறது.

மற்ற நகரங்கள் இதே வீட்டுக்கடை விஷயத்தை எப்படிப் பார்க்கின்றன என்பது சுவாரசியமானது. ஜப்பானில் மிகக் கண்டிப்பான தாழ்தளக் குடியிருப்பு மண்டலத்தில்கூட வீட்டோடு கடை வைக்கலாம். கடை 50 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும், வீட்டின் மொத்தப் பரப்பில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும். நம் விதியின் அண்ணன் மாதிரி இருக்கிறது, இல்லையா? அந்தப் 'பாதிக்கும் குறைவு' எனக்குப் பிடித்த நிபந்தனை. கடை எப்போதும் வீட்டுக்குள் ஒரு பகுதியாகவே இருக்கும், வீடு கடைக்குப் பின்கட்டு ஆகாது. சிங்கப்பூரில் வேறு வழி. வீட்டில் கேக் செய்து விற்பது, தைப்பது, இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பது போன்ற சிறுதொழிலுக்கு அனுமதியே கேட்க வேண்டாம். ஆனால் வீட்டில் குடியிருப்பவர்கள்தான் வேலை செய்ய வேண்டும், வெளியாளை வைக்கக் கூடாது, போர்டு மாட்டக் கூடாது, அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை இருக்கக் கூடாது.

கவனித்தீர்களா, சிங்கப்பூர் விதி சதுர மீட்டரைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. யார் வருகிறார்கள், எத்தனை பேர், என்ன சத்தம் என்று பேசுகிறது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் அதைத்தான் பேசுகிறார். அவர் 40 சதுர மீட்டர் தாண்டிவிட்டது என்று புகார் கொடுக்கவில்லை. வாசலில் வண்டி, ராத்திரி பத்து மணிக்கு மெஷின், இதுதான் அவர் புகார். விதிப்படி உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சென்னைக்கு 2026 முதல் 2046 வரைக்கென்று மூன்றாவது மாஸ்டர் பிளான் வகுக்கிறார்கள். அதற்குப் பொதுமக்கள் கருத்து எழுதலாம். வீட்டுத் தொழிலைப் பரப்பால் மட்டும் அளக்காமல், வண்டியாலும் நேரத்தாலும் அளக்கலாமே என்று உங்கள் மனைவி எழுதினால், அது எங்களைப் போன்றவர்கள் எழுதுவதைவிட எடுபடும்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கடையை முன் ஹாலோடு நிறுத்துங்கள். ஹாலை அளந்து 40 சதுர மீட்டருக்குள் இருப்பதை உறுதிசெய்யுங்கள். துணி அடுக்கும் பின்னறையும் கணக்கில் சேரும். மெஷினை எட்டு மணிக்கு நிறுத்துங்கள். மெஷின் காலுக்கு அடியில் தடித்த ரப்பர் போட்டால் சத்தம் சுவருக்குப் போவது குறையும். வாடிக்கையாளர் வண்டியை உங்கள் கார் நிறுத்தத்துக்குள் விடச் சொல்லுங்கள். அது டிபன் கடைக்குப் போகாமல் மிச்சமிருப்பதால் இப்போது அந்த இடம் உண்டு. இதையெல்லாம் செய்த பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள், செய்வதற்கு முன் அல்ல. வெறுங்கையோடு போனால் வாக்குவாதம்தான் வரும். தொழிலைப் பெருக்கியே ஆக வேண்டும் என்றால் கட்டிங், எம்பிராய்டரி, ஆட்கள் எல்லாவற்றையும் மெயின் ரோட்டில் ஒரு வாடகை இடத்துக்குக் கொண்டுபோங்கள். வீட்டில் அளவெடுப்பதும் டிரையல் பார்ப்பதும் இருக்கட்டும். அந்த வாடகை இடத்துக்கும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் சர்வே எண்ணைக் கேட்டு நில உபயோகத்தைப் பார்த்துவிடுங்கள். ஷட்டர் இருக்கிறது என்பதற்காக அது கமர்ஷியல் ஆகிவிடாது.

தொழில் உரிமத்துக்கு மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்கும்போது, சி.எம்.டி.ஏ. கொடுத்த நில உபயோகக் காகிதத்தையும் ஹாலின் அளவு வரைபடத்தையும் சேர்த்தே வையுங்கள். எழுத்தில் கேட்ட எதற்கும் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். கேள்வியை மட்டும் சரியாக எழுதுங்கள். 'என் தையல் கடைக்கு அனுமதி உண்டா' என்று கேட்டால் 'விண்ணப்பித்தால் பரிசீலிக்கப்படும்' என்று வரும். 'இந்தக் கிராமத்தில் இந்தச் சர்வே எண் முழுமைத் திட்டப்படி எந்த உபயோகத்தில் உள்ளது, அதற்கான வரைபடத்தின் நகல் வேண்டும்' என்று கேட்டால் ஒரு பதிலும் ஒரு நகலும் வரும்.

மைத்துனர் கோவையில் இருப்பதால் அவர் சி.எம்.டி.ஏ. பக்கம் வர வேண்டியதில்லை. அங்கே கோவைக்கென்று உள்ள நகரத் திட்ட அமைப்பும் கோவை மாநகராட்சியும் பார்க்கின்றன, கோவைக்குத் தனி முழுமைத் திட்டம் உண்டு. 2019-இன் ஒருங்கிணைந்த விதிகள் அவருக்கும் பொருந்தும். ஆனால் அவருடைய சர்வே எண்ணின் நிறத்தைக் கோவை வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும். அவர் இன்னும் கடை போடவில்லை என்கிறீர்கள். நல்லது, ஷட்டருக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடச் சொல்லுங்கள்.